வராதக்காவின் ஒட்டிய பக்கங்கள்

படிக்காமல் ஃபெயிலானவர்கள் ஊருக்கு ஒரு லாரி தேறுவார்கள். படித்துப் படித்தே ஃபெயிலானவர் இந்தக் கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே எங்கள் வராதக்கா ஒருவர்தான்.

வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்தவர்கள் இங்கே ஒரு தகுதித் தேர்வில் தேறினால்தான் ஊசியைக் கையில் எடுக்கலாம். அதற்காகக் காந்திபுரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கிப் படித்த கூட்டம் நாங்கள். எங்களுக்கு ஒரே மந்திரம், 'ஹை யீல்டு'. அதாவது, தேர்வில் திரும்பத் திரும்பக் கேட்பதை மட்டும் படி, மற்றதைத் தாண்டு. சர்க்கரை, காசநோய், பாம்புக்கடி என்று நாங்கள் தாவித் தாவிப் போய்க்கொண்டிருப்போம். அக்கா மட்டும் உலகத்தில் யாருக்குமே வராத நோயாகப் பார்த்துப் பாய் விரித்து உட்காருவார். "அக்கா, அது வராதுங்க்கா!" என்று நாங்கள் கத்திக் கத்தியே அவருக்கு அந்தப் பெயர் நிலைத்தது.

ஒருநாள் புத்தகமும் கையுமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பதறிப்போய் என்னவென்று கேட்டேன்.

"ஒடம்பெல்லாம் மீன் வாசம் அடிக்கிற நோயாமா கண்ணு. என்ன தேச்சுக் குளிச்சாலும் போகாதாமா. ஒரு கண்ணாலத்துக்குப் போனாப் பக்கத்துல யாராச்சும் உக்காருவாங்களா, சொல்லு?"

"அக்கா, அது வராதுங்க்கா."

"பரீட்சைக்கு வராதுன்னாப் போச்சா? வந்தவங்களுக்கு வந்துபோச்சில்ல?"

நான் என் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டேன். எனக்குப் பாம்புக்கடி பாக்கி இருந்தது.

மாதிரித் தேர்வுகளில் அக்காவின் கூத்தைப் பார்க்கவேண்டும். இருமலோடும் சாயங்காலக் காய்ச்சலோடும் ஒருவர் கேள்வியில் வருவார். நாங்கள் காசநோய் என்று தட்டிவிட்டுக் காபிக்கே போய்விடுவோம். அக்கா அவரை விடமாட்டார். புறா வளர்க்கிறாரா, பஞ்சு மில்லில் வேலையா, தாத்தாவுக்கு இப்படி இருந்ததா என்று யோசித்துக்கொண்டே இருப்பார். மணி அடித்துவிடும். அந்த ஒருவரைப் பார்த்து முடிப்பதற்குள் வரிசையில் நின்ற மற்றவர்கள் கதி அதோகதி. நிஜத் தேர்விலும் இதே கதைதான். மூன்று தடவை போயிற்று.

உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்த அவர் அப்பா, ஒரு குலை இளநீரோடு வந்து இறங்கினார். ஆளுக்கு ஒன்று வெட்டிக் கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"அம்மணி, இந்தத் தடவையும் போச்சுன்னா மண்டிக்கே வந்துரு சாமி. தேங்காய்க்கு ரெண்டே நோவுதான். ஒண்ணு அழுகலு, இன்னொண்ணு வெலை. நீ ரொம்ப ரோசனை பண்ண வேண்டியதில்ல."

நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அப்பா போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு டாக்டராத்தான் ஆகோணும் கண்ணு. வேற ஒண்ணும் தெரியாது எனக்கு."

மறுநாள் காலையில் புத்தகத்தைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் போட்டார். "வராததையெல்லாம் நீங்களே ஒட்டிப்போடுங்க. தெறந்து கெடந்தா நான் படிச்சுப்போடுவேன்."

மெஸ்ஸில் மைதா வாங்கிப் பசை காய்ச்சினோம். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் தோற்றுப்போகும் அளவுக்கு உட்கார்ந்து ஒட்டினோம். புத்தகம் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக உப்பிவிட்டது. மீன் வாசப் பக்கத்தை ஒட்டும்போது மட்டும் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திறந்திருந்த பக்கங்களை ஒழுங்காகத்தான் படித்தார். ஆனால் ஒருநாள் மொட்டை மாடியில் அந்தப் புத்தகத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒட்டிய தாளுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"என்னங்க்கா இது?"

"படிக்கல கண்ணு. சும்மா, நல்லா இருக்கறாங்களான்னு பாத்தேன்."

தேர்வு முடிந்து வெளியே வந்தவர் முகம் துக்கம் விசாரித்துவிட்டு வந்தவர் முகமாக இருந்தது.

"இருமலோட ஒருத்தரு வந்தாருங்க கண்ணு."

"ஐயோ! என்ன போட்டீங்க?"

"காசநோய்னு போட்டுப்போட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன். திரும்பியே பாக்கல. பாவம், அந்த மனுசன் என்ன நெனைச்சிருப்பாரோ!"

அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அக்கா பாஸ் என்று. முடிவு வந்தபோது மயிரிழையில்தான் தாண்டியிருந்தார், ஆனாலும் தாண்டிவிட்டார். ஹாஸ்டலே இரண்டு பட்டது. போனில் அப்பாவின் விசும்பல்தான் கேட்டது. பேக்கரிக்குப் போகலாம் என்று அக்காவைத் தேடினால் ஆளைக் காணோம்.

மெஸ் அடுப்படியில் இருந்தார். கொதிக்கிற இட்லிப் பானையின் மூடியைத் தள்ளிவிட்டு, ஆவியில் புத்தகத்தைக் காட்டி, ஒட்டிய பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். மெஸ்காரம்மா தலையில் கை வைத்து நின்றார். முதலில் பிரிந்தது எந்தப் பக்கம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

"மைதா கொஞ்சம் எழுத்தப் புடுங்கிருச்சு. ஆனா ஆளு பத்தரமா இருக்கறாரு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அக்கா இப்போது உடுமலையில் கிளினிக் வைத்திருக்கிறார். ஒருவரைப் பார்க்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று ஊரெல்லாம் முனகல்; ஆனாலும் கூட்டம் அங்கேதான் போகிறது. நானும் டாக்டர்தான், என்னைச் சுற்றிப் பெரிய பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் எனக்கென்று ஏதாவது வந்தால் உடுமலைக்குத்தான் பஸ் ஏறுவேன். அதுவும் யாருக்கும் வராத ஒன்றாகவே வரட்டும். என் அக்கா எவ்வளவு சந்தோஷப்படுவார்!