கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற ராணுவ வீரன்

ஓட்டத்தின் நடுவில் நின்று, ஜெயித்தவனுக்குக் கை தட்டிய ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற ஓட்டத்தில்.

அப்போது எனக்கு இருபது வயது. பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவையில் தாண்டிய பிறகு திருப்பூரில் பனியன் மடித்தேன், ஓசூரில் செங்கல் சுமந்தேன், லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போனேன். எங்கேயும் ஆறு மாதம் தாண்டியதில்லை. மகள் செல்வியை எனக்குத் தருவதாக இருந்த தாய்மாமன், "மாசாமாசம் சம்பளம் வரட்டும் மாப்ள, அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டார். விசாரித்ததில், நல்ல சம்பளத்தோடு சோறு, துணி, படுக்கையும் தருகிற இடம் ராணுவம்தான் என்று தெரிந்தது. (ஷூவும் உண்டு என்றார்கள். அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன்.)

எழுத்துத் தேர்வில் எப்படியோ தேறினேன். உடனே மாமா வில்லாபுரம் பஸ் ஸ்டாப்பில் ஃபிளக்ஸ் கட்டிவிட்டார். சல்யூட் அடிக்கும் யாரோ ஒரு ராணுவ வீரரின் உடம்பில் என் தலை. கீழே, "எல்லை காக்கப் புறப்பட்ட எங்கள் சிங்கமே". எங்கள் பகுதியில் காதுகுத்துக்கே ஃபிளக்ஸ் வைப்பார்கள், அவரைக் குறை சொல்ல முடியாது. இன்னும் ஓட்டம் பாக்கி இருக்கிறது என்றேன்.

"எம்புட்டு வேலைய விட்டு ஓடியிருக்க. ஒனக்கு ஓட்டம் புதுசா மாப்ள?"

ஓட்டத்தன்று விடியற்காலையில் மைதானத்துக்குள் நுழைந்தேன். அத்தனை பையன்கள் இருந்தும் சத்தமே இல்லை. ராணுவக்காரர்களின் சட்டை மடிப்பில் கை வைத்தால் அறுத்துவிடும் போலிருந்தது. விசில் ஊதினார்கள். மொத்தம் நான்கு சுற்று.

நான் மூன்றாவது சுற்றை முடிக்கும்போது, நான்காவதை முடிக்கப்போகிற ஒருவன் என்னைக் கடந்து போனான். டி. கல்லுப்பட்டிப் பக்கத்துப் பையன், வெறுங்கால். அவன் ஓடியதாகவே தெரியவில்லை, தரைதான் அவனுக்குக் கீழே பின்னால் போய்க்கொண்டிருந்தது. என் கண்ணெதிரே எல்லைக் கோட்டைத் தாண்டி, மூச்சுக்கூட வாங்காமல் நின்றான். மனித உடம்பு இப்படியும் ஓடுமா என்று நானும் நின்றுவிட்டேன். கை தானாகத் தட்டியது. செல்வி, சம்பளம், ஷூ எதுவுமே நினைவில் இல்லை.

கோட்டருகே நின்ற தமிழ் ஹவில்தார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, ஒனக்கு இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி."

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். கோட்டுக்கு நாலடி இருக்கும்போது நேரம் முடிந்து குறுக்கே கயிறு விழுந்தது. அந்தப் பக்கம் ராணுவம், இந்தப் பக்கம் நான்.

"கை தட்டாம இருந்திருந்தா உள்ள வந்திருப்ப" என்றார் ஹவில்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டவுன் பஸ்ஸில் திரும்பி வந்து என் ஃபிளக்ஸுக்கு நேர் கீழேயே இறங்கினேன். மாமா மாலையோடு நின்றார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மாலையைப் பக்கத்துப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டு, "அந்த ஃபிளக்ஸ அவுத்து மடிச்சு வையி. கெட்டித் துணி" என்றார்.

செல்வி கிடைத்தாள். ஆனால், அதற்கு ஒரே பரோட்டாக் கடையில் மூன்று வருடம் மாவு பிசைய வேண்டியிருந்தது. இன்று எங்கள் இட்லிக் கடைக்கு அந்த ஃபிளக்ஸ்தான் மழைத் தடுப்பு. சிங்கம் உட்பக்கம் பார்த்துச் சல்யூட் அடிக்கும். ரோட்டில் யாராவது வெறுங்காலில் ஓடினால் இப்போதும் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவேன். அடுப்படியிலிருந்து செல்வியின் குரல் வரும்:

"தட்டி முடிச்சாச்சா? இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி."