துவைக்கக் கூடாத சட்டை

ராஜபாளையம்,
நவம்பர் 1937

கர்த்தருக்குள் பிரியமான அத்தான் அவர்களுக்கு அமிர்தவல்லி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. தேவ கிருபையால் இவ்விடம் நீங்கள் சேர்த்துவைத்துப் போன கால்பந்து, ஹாக்கி மட்டை, அழுக்குச் சட்டை எல்லாரும் சுகம். அவர்களோடு நானும் இருக்கிறேன். கொழும்பில் உங்கள் சுகத்தையும் கடைக் கணக்கு வேலையையும் பற்றி எழுதவும்.

நிற்க. பந்தில் காற்று இறங்கிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். இறங்கிவிட்டது. எனக்கு இருமல் நின்றதா என்று கேட்கவில்லை, நின்றுவிட்டது. கூரை ஒழுகுவதால் பந்தையும் மட்டையையும் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு நான் தரையில் பாய் விரித்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் போன வாரம் மட்டையை எடுத்துப் போய் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, அது கப் ஜெயிச்ச மட்டை" என்று ஓடினேன். "ஜெயிச்ச மட்டைன்னா காய் விழாதாக்கும்? துறட்டி மாதிரி வளைச்சுத்தானே செஞ்சிருக்கான்" என்றாள். பறித்ததில் பாதியை எனக்கே கொடுத்ததால் மேற்கொண்டு வழக்காடவில்லை.

"உனக்கென்னடி தெரியும் இதோட அருமை" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினீர்களே, இப்போது எனக்குத் தெரியும். தளவாய்புரம் சோணைமுத்து ஒரு பந்தை விற்கக் கொண்டுவந்து, "தாயி, நம்ம அய்யா கோல் காத்தாகளே, அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேட்ச்சுப் பந்து" என்றான். வாங்கி முகர்ந்து பார்த்தேன். விளக்கெண்ணெய் வாடை. "அன்னைக்குக் கொட்டுன மழைக்குத் தோல் வெறச்சுல்லா போயிருக்கும். இது வெண்ணெயா இருக்கே. எண்ணெய் தேச்சு எம்புட்டு நாளாச்சு?" என்றேன். "முந்தாநேத்துதான் தாயி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். அந்தக் கதை பரவி, இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்துகூடப் பந்தை மோந்து பார்க்கச் சொல்லி என்னிடம் ஆள் வருகிறது.

லீவு கிடைக்கவில்லை, இந்தக் கிறிஸ்துமசுக்கும் வர இயலாது என்று எழுதியிருந்தீர்கள். கண்டிக்கு மேட்ச் பார்க்கப் போய், ஆட்டம் முடிந்ததும் ரெபரியின் விசிலைக் கேட்டு வாங்கி வந்த விவரத்தையும் அதே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். எனக்கு வருத்தமில்லை. வேலைதான் முக்கியம். சௌகரியப்பட்டபோது வந்தால் போதும்.

சட்டையை மட்டும் துவைத்துவிடாதே, கோல் காக்க விழுந்தபோது ஒட்டிய மண்ணும் வியர்வையும்தான் அதற்கு அத்தாட்சி என்று கடிதம் தவறாமல் சொல்கிறீர்கள். துவைக்கவில்லை. ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போய் வந்ததும் வெயிலில் காட்டி, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பிறகு செத்த நேரம் முகத்தில் வைத்துக்கொள்வேன். மண் அப்படியே இருக்கிறது. உங்கள் வாடைதான் குறைந்துகொண்டே வந்து, இப்போது தகரப்பெட்டியின் துரு வாடை மட்டும் அடிக்கிறது. பந்தை மோந்து பழகிய மூக்கு, இதில் ஏமாற மாட்டேனென்கிறது. வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது அத்தான், எனக்கு உங்களைத் தேடுகிறது.

மற்றபடி ஒரு குறையுமில்லை. உங்கள் போக்கைக் காத்த கர்த்தர் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் பொருள்களைக் காத்திருக்கும்,
தே. அமிர்தவல்லி

பி.கு. சௌகரியப்பட்டபோது வந்தால் போதும் என்று மேலே இருப்பதை அடித்துவிட்டு வாசிக்கவும். கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் காலையில் சட்டைக்குச் சவுக்காரம் போடப் போகிறேன். வெந்நீர் வைக்க வெள்ளத்தாயிடம் அண்டா சொல்லிவைத்தாயிற்று. வேண்டாமென்று கடிதம் போட்டால் கேட்க மாட்டேன். நேரில் வந்து என் கையைப் பிடிக்கவும்.