கதவோட இடுப்பு முப்பத்தெட்டு

இந்த வருஷம் பொண்டாட்டிய ஜெயிச்சே தீர்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூட ஜெயிக்கலன்னா, தையல் மிஷின்கூட என்னை மதிக்காது.

நானும் அவளும் டெய்லர். முன்னறை கடை, பின்னறை வீடு. எங்க ஊரு ரெண்டு ஹாக்கி டீமுக்கும், சிவப்புக்கும் நீலத்துக்கும், தைக்கறது நாங்கதான். அடுத்த வாரம் ரெண்டும் மோதற இறுதித் தொடர். மூணு ஆட்டம். ரெண்டு ஜெயிச்சா கோப்பை.

எங்க பந்தயம் இதான்: யாரோட டீம் தோக்குதோ, அவங்க அடுத்த சீசன் வரைக்கும் தினமும் பாத்திரம் கழுவணும். இப்ப ஆளுக்கு ஒரு நாள் முறை. என் முறை அன்னிக்கு மட்டும் வீட்ல இருக்கற அத்தனை சட்டியும் எப்படித்தான் அழுக்காகுமோ!

சிக்கல் என்னன்னா, ரெண்டு டீமும் அச்சு அசல் சமம். இந்த சீசன்ல நாலு தடவை மோதி ஆளுக்கு ரெண்டு. கோல்கூட பதினொண்ணுக்குப் பதினொண்ணு. சிவப்புக்கு பெனால்டி கார்னர் கிடைச்சா கொண்டாட்டம். நீலம் பந்தை எடுத்தா ஓட்டம்தான். அட, கேப்டன் ரெண்டு பேருக்கும் மார்பளவுகூட நாப்பது! ஒரே வெட்டுல ரெண்டு பேருக்கும் தைக்கலாம்.

அப்பதான் அவ அளவு நோட்டைத் திருட்டுத்தனமா புரட்டினேன். நீலத்தோட கோல்கீப்பரை ஊரே "கதவு"ன்னு கூப்பிடும். போன வருஷம் இடுப்பு முப்பத்திநாலு. போன வாரம் புது பேண்ட்டுக்கு அவ எடுத்த அளவு? முப்பத்தெட்டு! பக்கத்துல ஒரு சின்ன வட்டம் வேற. தொப்பைக்குப் படமே போட்டிருக்கா!

நாலு இன்ச் தொப்பையோட கதவு எப்படிக் குனியும்? தரையோட வர்றதெல்லாம் கோல்தான். நோட்டை மூடினேன். வாயையும் மூடிக்கிட்டேன், சிரிப்பு தாங்கல.

"ஏம்மா, நீயே முதல்ல டீமை எடு."

"சிவப்பு."

ஊசி குத்திடுச்சு. நெஜமாவே, விரல்ல.

"சிவப்பா? அந்தக் கலர் உனக்கு எடுக்காதேம்மா."

"நான் என்ன அதை உடுத்திக்கவா போறேன்?"

"இல்ல... நீலத்துல கதவு இருக்காரே. மலை மாதிரி!"

"அப்ப நீங்களே நீலத்தை எடுத்துக்குங்க."

"ஐயையோ, உனக்காக விட்டுக்கொடுக்கறேன்மா!"

"இத்தனை வருஷத்துல நீங்க விட்டது ஒரு குடைதான். அதுவும் பஸ்ல."

மிஷினை நிறுத்திட்டு என்னையே பாத்தா. நான் பட்டன் டப்பாவைப் பாத்தேன்.

"சரிங்க. இவ்வளவு கெஞ்சறீங்க. நீலம் எனக்கு."

முதல் ஆட்டம் சிவப்பு ஜெயிச்சுது. கடை டிவியில லோக்கல் சேனல்ல பாத்துட்டு, நான் அங்கேயே ஆடினேன். ரெண்டாவது நீலம். அவ சும்மா நூல் கோத்தா. மூணாவதுல நீலம் ஒண்ணு, சிவப்பு சைபர். கடைசி நிமிஷம் சிவப்புக்கு பெனால்டி கார்னர். பந்து தரையோட தரையா மூலைக்குப் போச்சு. எழுந்து கத்தினேன், "கோல்!"

கதவு பாம்பு மாதிரி வளைஞ்சு, மீன் மாதிரி பாஞ்சு, பந்தைத் தட்டிவிட்டுடுச்சு.

"முப்பத்தெட்டு இடுப்பை வச்சுக்கிட்டா?" வாய் தவறிடுச்சு.

"நோட்டைப் பாத்தீங்களா?"

"லேசா."

"வட்டம் போட்டிருந்தா நாலு கழிக்கணும். அவர் வந்தப்ப நல்ல டேப் உங்க கழுத்துல ஊர் சுத்தப் போயிருந்துச்சு. பழசுலதான் அளந்தேன். அதுல முதல் நாலு இன்ச்சை வெட்டி ஜன்னல் கொக்கியைக் கட்டினது யாரு?"

ஜன்னலைப் பாத்தேன். நாலு இன்ச் டேப் காத்துல ஆடிச்சு. சிரிச்ச மாதிரியே இருந்துச்சு.

"அப்ப நீ முதல்ல சிவப்பு கேட்டது?"

"நோட்டுல கதவோட அளவு இருக்கற பக்கத்துல மட்டும் உங்க அஞ்சு விரல் சாக்பீஸ் தூள். நான் கேட்டாத்தானே நீங்க பிடுங்குவீங்க?"

சட்டி பானை எல்லாம் எனக்காக வரிசையில நின்னுது. ஏப்ரனை எடுத்தேன். பின்னாடி நாடா எட்டல.

"இருங்க, பெருசா ஒண்ணு தைச்சுத் தர்றேன்." இடுப்பைச் சுத்தி அளந்தா. "முப்பத்தெட்டு."

"நாலு கழிச்சுக்கோம்மா."

"முடியாதுங்க. இது நல்ல டேப்."