நூர்ஜகானக்காவுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

தெரியாத ஊருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றுமே படிக்காமல் போகலாம். நிறையப் படித்துவிட்டும் போகலாம். அரைகுறையாகப் படித்துவிட்டு மட்டும் போகக் கூடாது. நான் அப்படித்தான் போனேன்.

சென்னையில் சமூகப்பணி படித்து முடித்து, கம்பத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகராகச் சேர்ந்த புதிது. வருகிறவர்களின் பண்பாட்டை மதிக்க வேண்டும், அவரவர் தாய்மொழியில் பேசவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதைச் செய்துகாட்ட ஒரு ஆள் அகப்படாதா என்று காத்திருந்தேன். (பாவம், அகப்பட்டார்கள்.)

உத்தமபாளையத்திலிருந்து நூர்ஜகான் என்பவரை அவர் கணவர் காதர் மைதீன் கூட்டி வருவதாக முதல் நாளே தகவல் வந்தது. நூர்ஜகானும் அவர் அக்காவும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். இருவருக்கும் ஒரே அடுப்படி. அக்கா திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். அன்றிலிருந்து நூர்ஜகான் சரியாகச் சாப்பிடுவதில்லை. யாரிடமும் வாய் திறப்பதும் இல்லை.

விஷயம் பெரியது என்று புரிந்தது. பெயர்களைப் பார்த்ததும் இன்னொன்றும் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். சென்னையில் எங்கள் தெருவில் இருந்த முஸ்லிம் குடும்பங்கள் வீட்டில் உருது பேசுகிறவர்கள். ஆகவே உலகத்திலுள்ள முஸ்லிம்கள் எல்லாரும் உருது பேசுகிறவர்கள். (என் ஆராய்ச்சி அவ்வளவுதான்.) எனக்கு உருதும் தெரியாது, இந்தியும் தெரியாது. ஆம்புலன்ஸ் ஓட்டும் முருகேசன் அண்ணன் பம்பாயில் பேக்கரியில் வேலை பார்த்தவர்.

"உங்களுக்கு இந்தி வருமாண்ணே?"

"தண்ணி மாதிரி வரும்" என்றார்.

மறுநாள் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். எதிரே கணவனும் மனைவியும். நூர்ஜகான் தலையைக் குனிந்தபடி இருந்தார். நான் குரலை மெத்தென்று வைத்துக்கொண்டு, "அவங்க மனசுல எவ்வளவு பாரம் இருக்குன்னு கேளுங்கண்ணே" என்றேன்.

முருகேசன் அண்ணன் தொண்டையைச் செருமினார். நூர்ஜகானைப் பார்த்து, "ஆப்கா தில் கித்னா கிலோ?" என்றார். (உங்கள் மனசு எத்தனை கிலோ என்று அர்த்தமாம்.)

காதர் மைதீனுக்கு அதில் கிலோ மட்டும்தான் புரிந்தது. அவர் தேங்காய் வியாபாரி. "நாங்க எண்ணிக்கைக்குத்தான் குடுக்குறது. கிலோக் கணக்கு இல்லைங்க" என்றார் மரியாதையாக.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "தமிழ் ரொம்ப நல்லாப் பேசுறீங்களே. இங்க வந்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டேன்.

"பொறந்ததே இங்கனதான்மா. எங்க அத்தா, அவுக அத்தா எல்லாருமே இங்கனதான் இருந்தாக. தமிழ்தான் பேசுனாக. எங்களுக்கு வேற எதுவும் வராது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்களுக்குத்தான் தமிழ் சரியா வராது போல, அதான் ஆள் வச்சிருக்கீகன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. முருகேசன் அண்ணன் பக்கம் திரும்பி, "இது உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"ஏன் தெரியாம? எங்க வீட்டுக்குத் தேங்கா இவர் கடையிலதான் வாங்குறது. நீங்க இந்தியில கேக்கச் சொன்னீக. ஏதோ வைத்தியமாக்கும்னு நெனச்சேன்."

அப்போது எதிர் நாற்காலியிலிருந்து ஒரு சத்தம். அழுகிறார் என்றுதான் முதலில் பயந்தேன். நூர்ஜகான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போய்விட்டது. காதர் மைதீன் பாதி எழுந்த வாக்கில் அப்படியே நின்று மனைவியைப் பார்த்தார்.

"எங்கக்கா மட்டும் இங்கன இருந்திருந்தா, சிரிச்சே இந்தச் சேரை ஒடச்சிருக்கும்" என்றார் நூர்ஜகான்.

சொன்னதும் சிரிப்பு அழுகையாக மாறிவிட்டது. காதர் மைதீன் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். எழுதி வைத்திருந்த கேள்வி ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. "அக்கா எப்படிச் சிரிப்பாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். மத்தியானம் வரை சொன்னார். மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமல் முருகேசன் அண்ணனும் கூடவே உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. அவர் பல மாதம் வந்தார். சில நாள் பேசினார், சில நாள் சும்மா இருந்துவிட்டுப் போனார். பிறகு நான் அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். (இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, எம் பேரை மட்டும் மாத்திராதீக" என்றார்.)

நான் கற்றுக்கொண்டதும் உண்டு. இப்போதெல்லாம் வருகிறவர்களிடம் எந்த மொழியில் பேசப் பிரியம் என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஒரு அம்மா, "எதுன்னாலும் சரி, எம் புருசனுக்குப் புரியாம இருந்தாப் போதும்" என்றார்.

உத்தமபாளையத்து வீட்டில் கல்யாணம், பெருநாள் என்று புதுச் சொந்தம் யார் வந்தாலும் இந்தக் கதை நடக்கும். என் மெத்தென்ற குரல், முருகேசன் அண்ணனின் செருமல், தேங்காய் வியாபாரியின் பதில், கடைசியில் அக்கா சேரை உடைத்திருக்கும் என்ற பேச்சு எல்லாவற்றையும் நூர்ஜகானக்கா ஒருவரே நடித்துக் காட்டுவார். நானும் தட்டோடு உட்கார்ந்து சிரிப்பேன். கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் யாராவது ஒரு புது ஆள், "அக்கா அக்கான்னீகளே, அது யாரு?" என்று கேட்பார்.

அதற்காகத்தான் நூர்ஜகானக்கா காத்திருப்பார். "எங்கக்காவா?" என்று நகர்ந்து வசதியாக உட்காருவார். அந்த வீட்டில் என் மானம் போன கதை வெறும் முன்னுரைதான். அதற்கப்புறம் அக்கா கதை ஆரம்பித்தால் பாத்திரம் கழுவ ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.