பியேர் வரைந்த மாப்பிள்ளை

கல்யாண வயதில் ஆண்பிள்ளைக்குக் கண்ணாடியில் தன் முகம் தெரியாது. யாரோ ஒரு சினிமா நடிகர்தான் தெரிவார். எனக்கும் தெரிந்தார். எண்பதுகளின் நடுவில், அபுதாபிப் பக்கம் ருவைஸ் கேம்ப்பில், இருபத்தேழு வயதில் (புத்தி இன்னும் வந்து சேராத வயது) நான் செய்த காரியத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

சைட் ஆபீசில் வரைபடங்களை நகலெடுப்பது என் வேலை. பக்கத்து மேஜையில் பியேர் என்ற பிரெஞ்சுக்காரர். பாரிஸில் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் போட்டவர். ஒரு மந்திரியின் மூக்கைக் கொஞ்சம் நீட்டிவிட்டாராம், வேலை போய்விட்டது. எங்கள் சைட்டில் ஆளுக்கொரு பாஷை. அதனால் எழுத்தே இல்லாமல் பாதுகாப்புப் படம் வரைய அவரைக் கூட்டி வந்திருந்தார்கள். ஹெல்மெட் போடாதவன், ஏணியிலிருந்து விழுகிறவன் என்று அவர் வரைந்து ஒட்டினால் பாகிஸ்தானியும் மலையாளியும் சேர்ந்து சிரிப்பார்கள்.

அந்தச் சமயம் அம்மா கடிதம் போட்டாள். பெண் பார்த்தாயிற்று, அவர்கள் உன் போட்டோ கேட்கிறார்கள் என்று. அபுதாபி ஸ்டுடியோவுக்குப் போக லீவு கிடைக்கவில்லை. பியேரிடம் போய் நின்றேன். அழகாக வரைய என் கைக்கு வராதப்பா என்று அவர் ஆங்கிலத்தில் எவ்வளவோ சொன்னார். நான் விடவில்லை.

பத்து நிமிஷத்தில் வரைந்து கொடுத்தார். கத்தரிக்காய் மூக்கு, முறம் போல் காது, பழக்கதோஷத்தில் தலைக்கு மேலே விழப்போகிற ஒரு ஸ்பேனர். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாரிஸ் கை அல்லவா?

ஊருக்குப் போகவிருந்த ரூம்மேட் செல்வத்திடம் கொடுத்தேன்.

“டேய், இதையா பொண்ணு வீட்ல குடுக்கச் சொல்றே? உங்கம்மா என்னை வெளக்கமாத்தால அடிக்கும்டா.”

“உனக்கு ஆர்ட் தெரியாது. பேசாம கொண்டுபோய்க் குடு.”

கொடுத்துவிட்டான். பெண்ணின் அப்பா திகைத்துப்போய், “மாப்பிள்ளை இப்படித்தான் இருப்பாரா?” என்று கேட்க, இந்த விசுவாசி, “அச்சு அசல் இப்படித்தாங்க” என்றிருக்கிறான். ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ‘மானத்தை வாங்கிட்டியேடா பாவி’ என்று அம்மா எழுதியிருந்ததைப் படித்து, பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். அம்மா கடிதத்தோடு அனுப்பியிருந்த அந்தப் பெண்ணின் போட்டோவை ஒரு மாதமாகத் தலையணைக்கடியில் வைத்திருந்தேனே.

காப்பாற்றியது அவள்தான். “தன்னையே கிண்டல் பண்ணிப் படம் அனுப்புற மனுஷனுக்குக் கர்வம் இருக்காதுப்பா. நான் இவரையே கட்டிக்கிறேன்” என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறாள்.

தாலி கட்டும்போதுகூட மாமனார் என் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் வீட்டில் இன்றும் எனக்கு ‘அச்சு அசல்’ என்றுதான் பெயர். அந்தப் படம் சட்டம் போட்டு எங்கள் ஹாலில் தொங்குகிறது. வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, “இவருக்குத் துளி கர்வம் கிடையாது” என்று என் மனைவி பெருமையாகச் சொல்வாள். நானும் அடக்கமாகத் தலையை ஆட்டுவேன். படத்தில் நான் அழகாக இருக்கிறேன் என்று நினைத்துத்தான் அதை அனுப்பினேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.