கீரைக்கு எடுத்த கரை

நான் எவ்வளவு கூச்சப்படுகிறவள் என்றால், பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் கண்டக்டரிடம் குரல் கொடுக்க வெட்கப்பட்டு, வேறு யாராவது இறங்கும் வரை போய்விட்டுத் திரும்பி வருவேன். (ஐயம்பேட்டையில் இறங்க வேண்டியவள் வாலாஜாபாத் வரை போயிருக்கிறேன்.) அப்படிப்பட்ட நான் ஒரு மத்தியானம் வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒயின் குடித்தேன்.

பாட்டில், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் கொண்டுவந்தது. "தனியா சாப்பிடறப்போ கொஞ்சமா ஊத்திக்கமா. எந்தச் சாப்பாட்டுக்கு எது சேரும்னு பாத்துக்கணும், அவ்ளோதான்" என்றாள். அதைப் பட்டுத்தறிகள் ஓடும் பிள்ளையார்பாளையத்தில் எனக்கா சொல்லித்தர வேண்டும்? என் வீட்டுக்காரர் பட்டு நெய்கிறார்; புடவையில் எந்த உடலுக்கு எந்தக் கரை பொருந்தி எடுக்கும் என்று கலர் சொல்வது நான்.

அவர் சேலம் போன அன்று பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நல்ல அரக்கு. அரக்குக் கரையை இலைப்பச்சை உடல்தான் தூக்கிக் காட்டும். உடனே முளைக்கீரை கடைந்தேன், பூண்டு தாராளமாகப் போட்டு. தட்டில் கீரைச் சாதம், பக்கத்தில் கண்ணாடி டம்ளரில் ஒயின். கண்ணுக்கு முகூர்த்தப் புடவைதான். வாய்க்கோ, புளித்த நாவல் பழத்தைப் பூண்டோடு மென்றது போல இருந்தது. கலர் இவ்வளவு பொருந்தும்போது ருசி மட்டும் எப்படித் தப்பாகும் என்று இன்னும் மூன்று வாய் குடித்தேன்.

அப்போது பக்கத்து வீட்டு வசந்தா அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். (எங்கள் தெருவில் கதவைத் தட்டுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள்.)

"இன்னாடி அது டம்ளர்ல?"

நான் குடிக்கிறேன் என்று அக்காவுக்குத் தெரிந்தால், விளக்கு வைப்பதற்குள் காமாட்சியம்மன் சன்னதி வரை தெரிந்துவிடும். இருபத்தைந்து வருடம் தலை குனிந்து எடுத்த பெயர் என்னாவது?

"சாயம்க்கா."

"சோத்தாண்ட சாயத்த வச்சிக்கினு..." என்றவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஐயையோ, வாயெல்லாம் செவந்து கெடக்குதே! குடிச்சிட்டியாடி?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கும் சிவப்பு.

பத்தே நிமிடத்தில் ஷேர் ஆட்டோவில் அக்கா மடியில் என் தலை இருந்தது.

"உன் ஊட்டுக்காரன் இன்னா சொன்னான், சொல்லுடி!"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"பாருப்பா, இப்பக்கூட அவன உட்டுக் குடுக்க மாட்டேங்கறா" என்று ஆட்டோக்காரரிடம் அழுதாள் அக்கா.

ஆஸ்பத்திரியில், வயிற்றுக்குள் விட எடுத்து வைத்த குழாயைப் பார்த்ததும் என் கூச்சம் பறந்துவிட்டது. டாக்டரம்மாவைக் குனியச் சொல்லிக் காதில் உண்மையைச் சொன்னேன்.

"கூட என்னம்மா சாப்பிட்டீங்க?"

"கீரைக் கடைசல்."

டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். "அதுக்குச் சாயமே தேவலாம்" என்றார். வெளியே போய் அக்காவிடம், "உயிருக்கு ஒண்ணும் இல்ல. மனசு நோகாம பாத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என் வீட்டுக்காரரைக் கவிழ்த்தது. மறுநாள் ஊரிலிருந்து வந்தவரைத் தெருமுனையிலேயே நிறுத்தி ஆறு பேர் திட்டினார்கள். திருதிருவென்று விழித்தபடி உள்ளே வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தறியில் போய் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பெண்டாட்டி குடித்தாள் என்று சொல்வதா, தான் கொடுமைக்காரன் என்று ஒத்துக்கொள்வதா? கடைசியில் வாசலுக்குப் போய் அக்காவிடம், "தப்பு என் மேலதான்கா. இனிமே பாத்து நடந்துக்கறேன்" என்றார்.

இன்றைக்கும் அவர் "உப்பு கொஞ்சம் கம்மி" என்றால் போதும், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா குரல் வரும்: "எப்பா, பாத்துப் பேசு!" உண்மை தெரிந்த மகள் தன் போனில் அப்பாவின் பெயரைக் 'கொடுமைக்காரர்' என்று மாற்றி வைத்திருக்கிறாள். நானும் சோறு ஆனதும், "கொடுமைக்காரரே, சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுகிறேன்.

"கொடுமைக்காரன் வந்துக்கினே இருக்கான்" என்று தறியிலிருந்து பதில் வரும்.