குத்துமதிப்பு என்றால் கோபம் வரும்

தாம்பரத்திலிருந்து கோவளம் வரை வலைவீசித் தேடினாலும் நாங்கள் தராசு என்று கூப்பிட்ட நண்பனைப் போல உயிருக்குப் பயந்தவன் கிடைக்க மாட்டான். அஸ்தினாபுரத்தில் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு இருந்தோம், அவன் ஒருவன். தெருமுனைக் கடைக்குத் தயிர் வாங்கப் போனாலும் ஹெல்மெட் போடுவான், அதுவும் நடந்து போக. நகைக்கடையில் இருக்குமே, அந்த மாதிரி குட்டித் தராசு ஒன்று வைத்திருந்தான். பெயர் அதனால் வந்ததுதான். ரசத்துக்கு உப்பை "குத்துமதிப்பா போடுடா" என்றால் போதும், அன்று முழுக்கப் பேச மாட்டான்.

ஒருநாள் அந்தத் தராசில் பழுப்பாகப் பொடி இருந்தது. சுக்குப்பொடி என்று விரலை நீட்டினேன். பாய்ந்து வந்து கையைப் பிடித்தான்.

"தொடாத மச்சான்! காளான்."

"குழம்புக்கா?"

"மண்டைக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெந்நீரைத் தவிர வேறு தண்ணீர் குடிக்காதவன் போதைக் காளான் தின்கிறானா? அவனோ சாவகாசமாகச் சட்டம் பேசினான். தனியாக எடுக்கக் கூடாதாம். குடியோடு சேரக் கூடாதாம். தெளிவாக ஒருத்தன் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். அளக்காமல் வாயில் வைக்கவே கூடாதாம்.

"இப்படிப் பண்ணா ஆபத்தே இல்லையா?"

"யார் சொன்னா? குறையும், அவ்ளோதான்."

"இவ்ளோ பயம்னா ஏண்டா சாப்பிடற?" என்றேன். அவன் பொடியை டப்பாவில் கொட்டி, எடையை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டான்.

மூன்றாமவன் ஜெரோம். தராசு முடிவெட்டப் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு ஸ்பூன் பொடியை மோரில் கலக்கிக் குடித்துவிட்டான். "எங்கம்மா சாம்பார் பொடியையே அளந்ததில்ல மச்சான்" என்று சிரித்தான். கொஞ்ச நேரத்தில் ஃப்ரிட்ஜைக் கட்டிக்கொண்டு, நெஞ்சு நின்றுவிட்டது, சாகப்போகிறேன் என்று கதறினான். வேர்த்து ஊற்றியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

திரும்பி வந்த தராசு, டப்பாவில் மிச்சமிருந்த பொடியை எடை போட ஆரம்பித்தான்.

"இப்பவும் எடையாடா, பாவி!"

"முன்னாடி இருந்தது எனக்குத் தெரியும். கழிச்சா இவன் முழுங்கினது வந்துடும். டாக்டர் கேப்பாரு."

ஆட்டோவில் ஜெரோம் ஓடாத மீட்டரைத் தடவித் தடவி அழுதான். "மீட்டர் செத்துப்போச்சுடா!"

"அது செத்து ரொம்ப வருசம் ஆவுது தம்பி. இப்ப இன்னாத்துக்கு அழுவுற?" என்றார் டிரைவர்.

ஆஸ்பத்திரி வாசலில் ஜெரோமுக்குக் கொஞ்சம் தெளிந்தது. "பிரியாணி ஒத்துக்கலைனு சொல்லுங்கடா, வேலை போயிடும்" என்று கெஞ்சினான். தராசு எடை எழுதிய சீட்டோடு நேராக டாக்டர் முன்னால் போய் நின்றான்.

"போதைக் காளான் சார். இவ்ளோ சாப்பிட்டிருக்கான். என்னோடதுதான்."

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "போலீஸ்ல சொல்லிடுவேன், தெரியுமா?"

"சொல்லுங்க சார். அவனுக்குத் தப்பான ஊசி மட்டும் போட்டுடாதீங்க."

நான் ஆடிப்போய்விட்டேன்.

ஜெரோம் பிழைத்தான். டாக்டர் போலீஸைக் கூப்பிடவில்லை, எங்கள் மூவரையும் திட்டித் தீர்த்தார். விஷயம் தெரிந்து வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். மிச்சப் பொடியைத் தராசே கழிவறையில் கொட்டினான். இன்றைக்கும் நெஞ்சில் லேசாகச் சுருக்கென்றால், ஆம்புலன்ஸுக்கு முன்னால் அவனுக்குத்தான் போன் போடத் தோன்றுகிறது.